வீட்டில் ஈயம் வார்க்கப் புதிதாகத் தொடங்குபவர் முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?

திருக்கடலூரான் (சனி, இரவு 9.10)

வணக்கம் உறவுகளே. நான் திருகோணமலை டவுனில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறு வந்தால் கூட்டாளியின் வள்ளத்தில் கொட்டியாரக்குடாப் பக்கம் கைத்தூண்டிலுக்குப் போவது வழக்கம். விளைமீனும் கலவாயும்தான் அதிகம் படும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பாரை.

பிரச்சினை என்னவென்றால், கல்லுக்குள் ஈயம் மாட்டி அறுந்துகொண்டே இருக்கிறது. போன ஞாயிறு ஒரே காலையில் 7 ஈயம் போனது. கடையில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. எனக்கு வேண்டிய 100 கிராம், 150 கிராம் பாரங்களும் எப்போதும் கிடைப்பதில்லை. அதனால் வீட்டிலேயே வார்க்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறேன்.

கையில் இருப்பவை: பழைய அலுமினியச் சட்டி ஒன்று, குசினிக் காஸ் அடுப்பு, சும்மா கிடக்கும் மோட்டார் சைக்கிள் பற்றரி இரண்டு. பற்றரியை உடைத்து ஈயம் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். அச்சுக்கு பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் வாங்கப் போகிறேன். இதற்கு மேல் என்ன தேவை? வீட்டில் மனைவி, 4 வயது மகள், அம்மா இருக்கிறார்கள். வேலை எல்லாம் பின்வளவில் அல்லது குசினியில்தான் நடக்கும்.


பாலத்தடி (கிண்ணியா) (சனி, இரவு 9.42)

தம்பி, முதல் வேலையாக அந்த இரண்டு பற்றரியையும் பழைய பற்றரி வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். உடைக்க வேண்டாம்.

உள்ளே இருப்பது நீங்கள் நினைக்கும் ஈயம் இல்லை. தகட்டில் அப்பியிருக்கும் பசை முழுக்க ஈய ஒக்சைட்டும் சல்பேட்டும். அதை உருக்கினால் சட்டியில் பாதிக்குமேல் கசடுதான் நிற்கும். அமிலம் கையையும் கண்ணையும் தின்னும். தகட்டு ஈயத்தில் அந்திமனி, ஆசனிக், கல்சியம் என்று ஏதாவது கலந்திருக்கும். அந்தக் கசடில் பிறகு ஈரம் பட்டால் ஆர்சின் என்கிற வாயு வரலாம். மிக மோசமான நஞ்சு அது. ஒரு கிலோ ஈயத்துக்காக அந்த வேலை வேண்டாம்.

டயர் கடைகளில் கார் சில்லு ஆடாமல் ஓட அதன் விளிம்பில் அடிக்கும் பழைய ஈயப் பாரங்களைக் கேட்டு வாங்குங்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சுழியோடிகள் இடுப்புப் பட்டியில் போடும் பழைய ஈயக்கட்டி கிடைத்தால் இன்னும் நல்லது.


சல்லிக்கரை (ஞாயிறு, காலை 6.15)

பாலத்தடி நானா சொன்னது அத்தனையும் உண்மை. நான் 20 வருடமாக வார்க்கிறேன். வீச்சுவலை ஓரத்தில் கட்டும் ஈய மணியும் வார்ப்பேன், தூண்டிலுக்குக் குண்டும் வார்ப்பேன். தம்பி கேட்ட சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சட்டி. அலுமினியம் வேண்டவே வேண்டாம். அலுமினியம் உருக 660 பாகை (செல்சியஸ்) வேண்டும், ஈயம் 327 பாகையிலேயே உருகிவிடும், அப்படியிருக்க என்ன பயம் என்று கேட்பார்கள். பயம் பாரத்தில் இருக்கிறது. ஒரு லீற்றர் ஈயம் 11 கிலோவுக்கு மேல். மெல்லிய அலுமினியம் சூட்டில் வலு இழந்து நிற்கும்போது அந்தப் பாரத்தைத் தூக்கினால் அடி விடலாம், காது கழன்று வரலாம். அது காலில்தான் கொட்டும். வார்ப்பிரும்புச் சட்டி, அல்லது தடித்த இரும்பில் ஒட்டுவேலைக்காரரிடம் செய்வித்த சிறிய பாத்திரம் போதும். பெரிதாகத் தேவையில்லை. 2 கிலோ ஈயம் ஒரு தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும். நாகம் (துத்தநாகம்) பூசிய வாளி, தகரம் எதையும் அடுப்பில் வைக்க வேண்டாம், அந்தப் பூச்சு புகைந்தால் காய்ச்சல் வரும். ஈயம் உருக்கிய சட்டியில் பிறகு ஒருநாளும் சமைக்கக் கூடாது. நான் என்னுடையதில் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன், யாரும் மாறி எடுக்காமல் இருக்க.

அகப்பை. நீண்ட பிடி உள்ள இரும்புக் கரண்டி. ஒரு பக்கம் சிறு மூக்கு இருந்தால் ஊற்ற வசதி. குளிர்ந்த கரண்டியை உருகிய ஈயத்தில் முக்காதீர்கள். சட்டி விளிம்பில் சாய்த்து வைத்து அதுவும் சேர்ந்து சூடாகட்டும்.

அடுப்பு. தனியாக ஒற்றை காஸ் அடுப்பு வாங்குங்கள், குசினியில் இருப்பதைத் தொடாதீர்கள். கால் அகன்று, தரையோடு பதிந்து நிற்க வேண்டும். விறகடுப்பில் சூட்டைக் கூட்டலாம், சட்டென்று குறைக்க முடியாது.

கண்ணாடி, கையுறை, சப்பாத்து. காசு குறைவு என்றால் அச்சில் மிச்சம் பிடியுங்கள், இதில் பிடிக்காதீர்கள். பக்கமும் மூடிய கண்ணாடி, ஒட்டுவேலைக்காரர் போடும் தோல் கையுறை, பருத்தியில் முழுக்கைச் சட்டையும் முழுக் களிசானும், மூடிய சப்பாத்து. களிசான் கால் சப்பாத்துக்கு வெளியே விழ வேண்டும், உள்ளே சொருகினால் சிந்திய ஈயம் நேராக உள்ளே போகும். நைலோன் துணி உடம்பில் உருகி ஒட்டும். செருப்போடு வார்க்க வந்த யாரையும் நான் பக்கத்தில் நிற்க விடுவதில்லை.

வெப்பமானி. இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் எனக்கு அடுத்த முக்கியமான சாமான் இதுதான். நீண்ட கம்பியுள்ள கே வகை தெர்மோகப்பிள் ஒன்று. 350 முதல் 400 பாகைக்குள் நின்றால் வேலை நடக்கும். அதற்கு மேல் போகப் போக ஆவியும் ஒக்சைட்டும் கூடும். மேற்பரப்பு பொன்னிறமாகவும் ஊதாவாகவும் மின்னத் தொடங்கினால் சூடு மிஞ்சிவிட்டது, நெருப்பைக் குறையுங்கள்.

அச்சைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். பிளாஸ்டர் பற்றி மட்டும் பிறகு வந்து எழுதுகிறேன், கடலுக்குப் போகும் நேரம்.


பனிக்காற்று (ஸ்காபரோ) (ஞாயிறு, காலை 7.50)

நான் பிறந்தது உவர்மலை, இப்போது கனடா. இங்கே லீ, லைமன் போன்ற கம்பனிகளின் மின்சார உருக்குசட்டிகள் கடையில் கிடைக்கும். வேட்டைக்காரர்கள் வீட்டில் தோட்டாவுக்கு ஈயம் வார்க்கத்தான் அவை பெரும்பாலும் செய்யப்பட்டன. மீன்பிடிகாரரும் அதையே வாங்குகிறார்கள். அடியில் ஒரு துவாரம், நெம்பைத் தூக்கினால் ஈயம் வழியும், கரண்டி தேவையில்லை.

திருக்கடலூரான், உங்களுக்கு வெளிநாட்டில் சொந்தம் இருந்து அனுப்புகிறேன் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். இங்குள்ளவை 120 வோல்ட். அங்கே 230. அப்படியே செருகினால் எரிந்துபோகும். 500, 700 வாட் இழுக்கும் சாமானுக்கு மாற்றி வாங்கும் செலவில் அங்கேயே இரண்டு இரும்புச் சட்டி வாங்கலாம். அடித்துவாரம் கசடு அடைத்துச் சொட்டிக்கொண்டும் இருக்கும், புதியவருக்கு அது தொல்லை. சல்லிக்கரை அண்ணை சொன்ன சட்டியும் கரண்டியுமே உங்களுக்குச் சரி.

துவக்கு, தோட்டா சம்பந்தமான அச்சுகளை யாரிடமும் கேட்டு அனுப்புவிக்காதீர்கள். இங்கே உரிமம் உள்ளவருக்கு அது பொழுதுபோக்கு, நம் ஊரில் அது வேறு கதை. மீன்பிடிக் குண்டுக்கென்றே அலுமினிய அச்சுகள் இருக்கின்றன. டூ-இட் என்ற பெயரில் வருவது நன்றாக இருக்கும்.


கடற்புறா (ஞாயிறு, காலை 10.05)

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். எங்கள் தாத்தா சிரட்டைக் கரியில் ஈயம் உருக்கி மணலில் குழி பறித்து ஊற்றினார். கண்ணாடியும் இல்லை, கையுறையும் இல்லை. 82 வயதுவரை திடமாக இருந்தார். வெப்பமானி எல்லாம் வாங்கச் சொன்னால் ஏழை மீனவன் எங்கே போவான்? வாங்குகிற காசுக்குக் கடை ஈயமே வாங்கலாமே.


உப்புவெளி தாதி (ஞாயிறு, பிற்பகல் 2.30)

கடற்புறா, உங்கள் தாத்தா நன்றாக வாழ்ந்தது சந்தோஷம். உங்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது, செலவு எல்லோருக்கும் ஒன்றல்ல. ஆனால் திருக்கடலூரான் எழுதியதில் என் கண் நின்ற இடம் ஒன்று: 4 வயது மகள்.

ஈயம் பெரியவரையும் சிறுபிள்ளையையும் ஒரே மாதிரித் தாக்குவதில்லை. வாய் வழியாகப் போகும் ஈயத்தில் பெரியவர் உடம்பு இழுப்பதைப் போல 4, 5 மடங்கைச் சிறுபிள்ளையின் உடம்பு இழுத்துக்கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூளை வளரும் வயது அது. பிறகு சரிசெய்ய முடியாது. பிள்ளைகளுக்கு இவ்வளவுவரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை. கருவுற்ற தாயிடமிருந்து கருவுக்கும் போகும். தம்பியின் மனைவி அப்படி இருந்தால் அந்தத் துணியைத் துவைக்கக்கூட விடக் கூடாது.

2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் செனகல் நாட்டில் டக்கார் நகரத்தின் ஓரத்தில் 18 சிறுபிள்ளைகள் இறந்தார்கள். பெரிய தொழிற்சாலை எதுவும் வெடிக்கவில்லை. பழைய பற்றரி உடைத்து ஈயம் எடுத்த மண்ணும் தூசும் வீட்டு வளவுக்குள் வந்ததுதான் காரணம். நம் ஊர் வளவு போன்ற வளவுகள்தான் அவையும். தம்பி பின்வளவு என்று எழுதியதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

சூட்டை அளவாக வைத்தால் ஆவி குறைவு. தூசும் கசடும்தான் பெரிய ஆபத்து. கசடைச் சுரண்டும்போது பறக்கும் மஞ்சள், சாம்பல் தூள் கையில் ஒட்டி, கையிலிருந்து வெற்றிலைக்கு, சிகரெட்டுக்கு, சோற்றுக்கு, பிள்ளையின் கன்னத்துக்குப் போகும். ஆகவே:

வேலை நடக்கும் இடத்தில் சாப்பாடு, தேநீர், வெற்றிலை, பீடி எதுவும் வேண்டாம். முடிந்ததும் சவர்க்காரம் போட்டு நகத்துக்கடி வரை கழுவ வேண்டும். கை துடைக்கும் சனிடைசர் ஈயத்தைக் கழற்றாது. துணியை அங்கேயே மாற்றி, தனியாகத் துவைக்க வேண்டும். விளக்குமாறு போட்டுக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். கசடை மூடி உள்ள தகரத்தில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள், குப்பையில் கொட்ட வேண்டாம். துணி முகக்கவசம் ஈயப் புகையைத் தடுக்காது. பி-100 என்று போட்ட வடிகட்டி பொருத்திய கவசம் தடுக்கும்.

பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு, வேலை முடிந்ததும் ஒரு கிளாஸ் பால் குடித்தால் ஈயம் இறங்கிவிடும் என்பார்கள். இறங்காது. வெறும் வயிற்றில் ஈயம் அதிகமாக உறிஞ்சப்படும் என்பது உண்மை, அதனால் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போங்கள். உள்ளே போன ஈயத்தைப் பால் கழுவாது. இரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறையவே ஒரு மாதமளவு ஆகும். எலும்பில் போய் இருந்துவிட்டால் பல பத்து வருடம்.

இன்னொன்று, இது வார்க்காதவருக்கும். வீச்சுவலை எறியும்போது மணிக்கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடிப்பதை டச்சுக்குடாவில் தினமும் பார்க்கிறேன். சின்ன ஈயத்தைத் தங்கூசியில் (தூண்டில் நரம்பில்) வைத்துப் பல்லால் நசுக்குவதும் அப்படித்தான். ஒரு சின்னக் குறடு வாங்கிப் பையில் போடுங்கள். வலைக்காரர் மணி இல்லாத இடத்தில் வலையைக் கடித்துப் பிடிக்கலாம், தோளில் போட்டு எறியவும் முறை இருக்கிறது.


திருக்கடலூரான் (ஞாயிறு, மாலை 6.20)

அக்கா, நீங்கள் கடைசியாக எழுதியதை வாசித்துவிட்டு என் தூண்டில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நான் பாவிக்கும் சின்ன ஈயம் ஒவ்வொன்றிலும் என் பல்லடையாளம். அந்தப் பெட்டியை மகள் எடுத்து விளையாடுவாள். இன்றைக்கே அலுமாரியின் மேல் தட்டில் ஏற்றிவிட்டேன்.

குசினி, பின்வளவு இரண்டும் வேண்டாம். கூட்டாளிக்குக் கடற்கரையில் வாடி (மீன்பிடிக் குடில்) இருக்கிறது, அங்கே வார்க்கிறேன். பக்கத்தில் கிணறும் உண்டு, குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு வரலாம். பற்றரிகளைக் கொடுத்துவிட்டேன்.

டயர் கடையில் ஒரு சாக்குப் பாரம் கேட்டிருக்கிறேன். அதில் என்ன பார்க்க வேண்டும், நானா?


பாலத்தடி (கிண்ணியா) (ஞாயிறு, இரவு 8.00)

நல்ல கேள்வி, நான் பட்ட பாடு அது. ஒரு கடையில் ஒரு சாக்கு வாங்கி அப்படியே சட்டியில் கொட்டினேன். ஈயம் கஞ்சி மாதிரித் திரண்டு, அச்சில் இறங்காமல் நின்றது. கலந்திருந்தது நாகம். ஐரோப்பாவில் 2005 இலிருந்து கார் சில்லுக்கு ஈயப் பாரம் அடிக்க விடுவதில்லை. அதனால் இப்போது வரும் பாரங்களில் நாகமும் இரும்பும் நிறைய. ஒவ்வொன்றாகப் பக்கவெட்டுக் குறடால் நெரித்துப் பாருங்கள். ஈயம் வெண்ணெய்க்கட்டி மாதிரிக் குறடு இறங்கும். நாகத்தில் வழுக்கும். சீமெந்துத் தரையில் போட்டால் ஈயம் தொப்பென்று விழும், மற்றது கணீரென்னும்.

தப்பி ஒன்றிரண்டு சட்டிக்குள் போனாலும் வெப்பமானி காப்பாற்றும். நாகம் உருக 419 பாகை வேண்டும். நீங்கள் 380 இல் நிறுத்தினால் அது உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். இரும்புக் கொக்கிகளும் அப்படியே மிதந்து வரும்.

கடலில் கிடந்து எடுத்த பழைய ஈயமும் போடுவீர்கள்தானே? அவற்றின் துவாரத்துக்குள் உப்புத்தண்ணீர் நிற்கும். ஏற்கெனவே உருகி நிற்கும் ஈயத்துக்குள் அவற்றைப் போடாதீர்கள். குளிர்ந்த சட்டியில் முதலிலேயே போட்டு, மெல்ல மெல்லச் சூடாக்குங்கள்.


சல்லிக்கரை (ஞாயிறு, இரவு 9.25)

நானா தண்ணீர் என்ற சொல்லை எடுத்ததால் பாக்கிக் கதையைச் சொல்கிறேன். கடற்புறா தம்பியும் வாசிக்க வேண்டும்.

12 வருடத்துக்கு முன் வாடைக்காற்று நேரம். பிளாஸ்டரில் நானே செய்த அச்சு, ஒரு மாதம் பழகியது, விறாந்தையில் இரவு விட்டிருந்தேன். கையால் தடவிப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. விடிய முதல் கரண்டி ஊற்றினேன். "பட்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் தெரியும். ஈயம் வந்த வழியே திரும்பி வந்தது. வலது முழங்கைக்குக் கீழே 5 இடத்தில் சுட்டது, கூரைத் தகட்டில் போய் ஒட்டியது. கண்ணாடியின் இடது பக்கம் உளுந்தளவில் ஒரு பொட்டு. கண்மணிக்கு நேரே. அந்தக் கண்ணாடியை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஒரு துளி நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். மேலே ஈயம் மூடி நிற்கும்போது அது எங்கே போகும்? ஈயத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் போகும்.

பிளாஸ்டரில் உள்ள கெடுதல் அதுதான். இறுகிக் காய்ந்த பிளாஸ்டரின் 100 கிராமில் ஏறத்தாழ 21 கிராம் தண்ணீர் உள்ளேயே கட்டுண்டு நிற்கிறது. கைக்கு ஈரம் தெரியாது. சூடு பட்டதும் வெளியே வரும். சூளையில் பல மணிநேரம் வைத்து, நிறுத்து நிறுத்துப் பார்த்து, இனிப் பாரம் குறையவில்லை என்ற பிறகுதான் ஊற்றலாம். அதன் பின்னும் நம் கடற்கரைக் காற்று திரும்ப ஈரம் ஏற்றும். அனுபவக்காரர் செய்யட்டும், முதல் அச்சாக அது வேண்டாம். தாத்தா ஊற்றிய மணலும் அப்படித்தான், காய்ந்த மணல் உருவம் பிடிக்காது, உருவம் பிடிக்கும் மணலில் ஈரம் இருக்கும்.

கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களில் வார்த்து வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. மாரியில் வார்க்காதீர்கள். எந்த நாளும் காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள், புகை உங்களை விட்டு விலகிப் போகட்டும். தண்ணீர்ப் போத்தலைச் சட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், நெற்றி வியர்வையும் சட்டியில் சொட்டக் கூடாது.


கடற்புறா (ஞாயிறு, இரவு 10.10)

அண்ணை, கண்ணாடிக் கதையை வாசித்தேன். என் தம்பிக்கும் வாசித்துக் காட்டினேன். நான் கேட்டது செலவைப் பற்றித்தான். அச்சுக்குக் குறைந்த செலவில் வழி இருந்தால் யாராவது சொல்லுங்கள்.


பொன்வினைஞன் (திங்கள், காலை 11.30)

எங்கள் குடும்பம் நகைத்தொழில். அச்சு உங்கள் கடற்கரையிலேயே சும்மா கிடக்கிறது: கணவாய் மீனின் வெள்ளை ஓடு.

வெள்ளியும் பொன்னும் கணவாய் ஓட்டில் வார்ப்பது பல நாட்டுத் தட்டார்களிடம் உள்ள பழைய முறை. 960 பாகையில் உருகும் வெள்ளியைத் தாங்குகிற ஓடு, ஈயத்தைத் தாங்காதா? வெள்ளிக்கு ஒரு தடவையோடு உள்முகம் கருகிப் போகும். ஈயத்துக்கு எனக்கு ஓர் ஓடு 4, 5 தடவை தாங்கியிருக்கிறது.

செய்முறை. பெரிய, தடித்த, உடையாத ஓடாக இரண்டு எடுங்கள். நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பைக் கழற்றி, கச்சான் வெயிலில் ஒரு கிழமை காயவையுங்கள். வார்க்கும் நாளில் அடுப்புக்கு அருகில் வைத்து இன்னும் சூடேற்றுங்கள், சல்லிக்கரை அண்ணையின் கதை ஓட்டுக்கும் பொருந்தும். ஓட்டின் ஒரு பக்கம் கடினம், மறுபக்கம் நகம் பதியும் அளவுக்கு மெது. மெதுப் பக்கத்தை மண்கடதாசியில் தேய்த்துத் தட்டையாக்க வேண்டும். பிறகு இரண்டையும் முகத்தோடு முகம் வைத்துத் தேய்த்தால் இடையில் வெளிச்சம் தெரியாமல் பொருந்தும். மாதிரிக் குண்டை நடுவில் வைத்து இரண்டு ஓட்டையும் மெல்ல அழுத்துங்கள். மாவில் விரல் இறங்குவது போல இறங்கும், சத்தம் மட்டும் உமியை மிதிப்பது போல் இருக்கும். பிரித்து மாதிரியை எடுத்துவிட்டு, மேலிருந்து புனல் மாதிரி ஒரு வழி வெட்டுங்கள். குழியிலிருந்து மேல் நோக்கி ஊசியால் மூன்று நான்கு மெல்லிய கோடு கீறினால் காற்று வெளியேறும். வளையத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியை மடித்து முனையில் வையுங்கள். சேர்த்துக் கம்பியால் கட்டி, செங்கல் இரண்டுக்கு நடுவே நிமிர்த்தி நிறுத்துங்கள். கையில் பிடித்துக்கொண்டு ஊற்ற வேண்டாம். ஊற்றும்போது தலைமயிர் கருகும் வாசம் வரும், அது ஓட்டின் இயல்பு. குண்டை எடுத்துப் பார்த்தால் ஓட்டின் வரி வரியான ரேகை அதன் மேல் பதிந்திருக்கும், வடிவாக இருக்கும்.

பாரம் சரியாக வர ஒரு கணக்கு. ஈயம் ஒரு கன சென்டிமீற்றருக்கு 11.34 கிராம். 100 கிராமுக்கு 8.8 கன சென்டிமீற்றர். உருண்டை என்றால் 2.56 சென்டிமீற்றர் விட்டம். பேரிக்காய் வடிவம் வேண்டுமென்றால் உருளைக்கிழங்கில் செதுக்குங்கள். அளவு கீறிய குவளையில் தண்ணீர் எடுத்து அதற்குள் அமிழ்த்தினால், நீர் 8.8 மில்லிலீற்றர் உயர வேண்டும். கூடினால் இன்னும் கொஞ்சம் சீவுங்கள். சரியான வடிவம் வந்ததும் அதைப் பார்த்து மரத்தில் ஒன்று கடைந்து வைத்துக்கொண்டால் காலத்துக்கும் அதுதான் மாதிரி. உருளைக்கிழங்கை ஓட்டில் அழுத்தாதீர்கள், ஈரம்.


அலைவாய் (திங்கள், மாலை 4.45)

வார்ப்பதற்கு முன் ஒன்று யோசியுங்கள். கல்லுக்குள் அறுத்துவிட்டு வரும் ஈயம் கடலடியிலேயே கிடக்கப் போகிறது. கல் நிலத்துக்கு நான் ஈயமே போடுவதில்லை. கராஜில் எறியும் பழைய ஸ்பார்க் பிளக், பெரிய நட்டு, வெட்டிய கம்பித் துண்டு, இவைதான். இரும்பு ஒரு கன சென்டிமீற்றருக்கு 7.87 கிராம், அதனால் அதே பாரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பருமன் வரும், நீரோட்டத்தில் கொஞ்சம் கூட இழுக்கும். 10 பாக ஆழத்தில் நின்று விளைமீன் பிடிக்க அது பெரிய குறையே இல்லை.

பாரத்தை மெயின் தங்கூசியிலேயே கட்டாமல், அதைவிட மெல்லிய தங்கூசியில் ஒரு சாண் விட்டுக் கட்டுங்கள். மாட்டினால் அந்தச் சாண்தான் அறும். முள்ளும் மீனும் உங்களோடு வரும்.

இங்கிலாந்தில் அன்னங்கள் சின்ன ஈயங்களை விழுங்கிச் செத்ததால் 1987 இல் 28 கிராம் வரையான ஈயத்தைத் தூண்டிலுக்கு விற்கவே தடை போட்டார்கள். நம் களப்புகளிலும் நாரையும் கொக்கும் இருக்கின்றன.


பனிக்காற்று (ஸ்காபரோ) (திங்கள், இரவு 7.15)

அலைவாய் சொன்னது சரி. இங்கே தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயப் பாரம் 1997 இலிருந்து கூடாது. லூன் என்ற பறவைக்காக. நான் அங்கே போகும்போது தகர (டின் உலோக) பாரம்தான் கொண்டுபோவேன்.

வெப்பமானி தேடுகிறவர்களுக்கு ஒன்று. துவக்கு மாதிரி நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு வகையை நம்பாதீர்கள். உருகிய ஈயம் கண்ணாடி மாதிரி மின்னும், அந்தக் கருவி உண்மைச் சூட்டைவிட நன்றாகக் குறைத்துக் காட்டும். 250 என்று காட்டுகிறதே என்று நெருப்பைக் கூட்டினால் உள்ளே 450 க்கு மேல் போயிருக்கும். கம்பியை உள்ளே விட்டுப் பார்க்கும் வகைதான் சரி.


திருக்கடலூரான் (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.40)

முதல் வார்ப்பு முடிந்தது.

கடைசியில் வாங்கியது: ஒட்டுவேலைக்காரர் செய்து தந்த இரும்புச் சட்டி, நீண்ட கரண்டி, பழைய ஒற்றை அடுப்பு, கம்பி வெப்பமானி, கண்ணாடி, தோல் கையுறை, அக்கா சொன்ன வடிகட்டிக் கவசம், பக்கவெட்டுக் குறடு. அதிகக் காசு போனது கவசத்துக்கும் வெப்பமானிக்கும்தான். அச்சுக்கு ஒரு சதமும் இல்லை, சாம்பல்தீவுப் பக்கம் நடந்து பொறுக்கிய கணவாய் ஓடு. டயர் கடைச் சாக்கில் குறடு இறங்காமல் ஒதுக்கியது பாதிக்கு மேல்.

வாடியின் சீமெந்துத் திண்ணையில் அடுப்பை வைத்தோம். விடிய 6 மணி. கூட்டாளியும் சப்பாத்தோடு வந்தான், வாசலில் நான் கேட்டேன் என்பதற்காக. 365 பாகையில் இரும்புக் கொக்கிகள் எல்லாம் மேலே மிதந்தன. கசடு பிரிய மெழுகுதிரித் துண்டொன்று போட்டுக் கிண்டினேன், குப்பென்று தீப்பிடித்து அடங்கியது, மேலே இருந்த சாம்பல் பொடி ஒதுங்கி, கீழே வெள்ளி மாதிரி ஈயம் தெரிந்தது. அந்த நிமிடத்தை மறக்க மாட்டேன்.

12 குண்டு ஊற்றினேன். 7 நன்றாக வந்தது, தராசில் 97 இலிருந்து 104 கிராம் வரை. முதல் 5 மட்டும் கிழவரின் முகம் மாதிரிச் சுருக்கம் சுருக்கமாக வந்தது. என்ன பிழை? கல் நிலத்துக்கு அலைவாய் சொன்ன பிளக்குகளையும் 9 சேர்த்து வைத்திருக்கிறேன், ஈயத்தை மணல் அடிக்கு மட்டும் போடப் போகிறேன்.

கிணற்றடியில் குளித்து, உடுப்பைத் தனிப் பையில் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன், அக்கா. மகள் ஓடிவந்து காலைக் கட்டிப்பிடித்தாள்.


சல்லிக்கரை (ஞாயிறு, இரவு 8.30)

பிழை ஒன்றுமில்லை தம்பி. சுருக்கம் என்றால் அச்சு குளிர். ஈயம் உள்ளே போய் ஓடி நிரம்ப முன்னரே தோல் கட்டிவிடுகிறது. முதல் நாலைந்து ஊற்று அச்சைச் சூடாக்கத்தான், அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஊற்றும்போது இடையில் நிறுத்தாமல் ஒரே கையில் ஊற்றுங்கள். மறுபக்கமாக, குண்டின் மேல் பனி படர்ந்த மாதிரி மங்கலாக வந்தால் சூடு கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சுருங்கிய 5 ஐயும் எறிய வேண்டாம். அடுத்த தடவை குளிர்ந்த சட்டியில் முதலில் போடுங்கள்.


திருக்கடலூரான் (ஞாயிறு, இரவு 8.52)

சரி அண்ணை. வாடிக் கூரையில் இன்னும் 2 ஓடு காய்கிறது. கடற்புறா, நீங்களும் அடுத்த ஞாயிறு வருகிறீர்கள் என்றால் கண்ணாடி ஒன்று கூட வைத்திருக்கிறேன்.


கடற்புறா (ஞாயிறு, இரவு 9.01)

வருகிறேன். சப்பாத்தோடு.